குல்லாக்காரத் தெரு

நாற்பத்தொரு கையெழுத்து, ஏழு கைநாட்டு.
"எங்கள் தெருப்பெயரைச் சொன்னாலே
மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கிறார்கள்.
ஊர் தலையில் குல்லா போடுகிறவர்களா
எல்லோரும், என்கிறார்கள்.
ரோஜா நகர் என்று மாற்றித் தரவும்."

பெயரின் பொருள் ஆராய்ந்து அறிக்கை தருக
என்று பச்சை மையில் எழுதி
என் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள்.
சாக்கடையின் நீளம் கேட்டிருந்தால்
டேப் இருக்கிறது என்னிடம்.

குல்லா பாரசீகத்திலிருந்து வந்ததாம்.
வந்துவிட்டுப் போகட்டும்.
பின்னால் ஒட்டிக்கொண்ட 'காரர்'தான் தகராறு.
பூக்காரி பூவை விற்பாள்.
வீட்டுக்காரர் வீட்டை விற்க மாட்டார்,
வாடகையைத்தான் ஏற்றுவார்.
கண்ணாடிக்காரர் மூக்கில் மாட்டியிருப்பவர்.
கடன்காரன்
கொடுத்தவனும் அவனே, வாங்கியவனும் அவனே;
யார் வீட்டு வாசலில் யார் நிற்கிறார்
என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

குல்லாக்காரர் என்றால்
தைத்தவரா,
போட்டுக்கொண்டவரா,
அடுத்தவருக்குப் போட்டவரா?

கோட்டை இங்கிருந்து கூப்பிடு தூரம்.
புதுத் தொப்பி வேண்டாமென்று
விடியுமுன்னே சிப்பாய்கள் சுட்டது அங்கேதான்.
மறுத்தவர்களுக்குத் தூண் நிற்கிறது.
போடச் சொன்னவர்களுக்குப் புத்தகத்தில் பக்கம் இருக்கிறது.
அந்தத் தொப்பியை அளந்து, வெட்டி,
தோல்பட்டை வைத்துத் தைத்த கை
எந்த வீட்டில் சோறு பிசைந்தது?
இந்தத் தெருவாக இருக்கலாம்.
அறிக்கையில்
'இருக்கலாம்' எழுதக் கூடாது.

நேரில் போனேன். மே மாதம், பதினோரு மணி,
வேலூர் வெயில்.
பிரியாணிக்கடை, செல்போன் கடை,
ஷூவுக்கு மேல்தோல் ஒட்டும் ஒரு ஷெட்.
குல்லா செய்கிற வீடு எது என்றேன்.
அப்படி யாருமில்லை என்றார்கள், கொஞ்சம் கோபமாக.

கடைசி வீட்டில் மிஷின் ஓடும் சத்தம்.
குர்ஷித் பேகம். மனுவில் முதல் கையெழுத்து.
மடி நிறையப் பச்சைத் துணி,
தரையில் பச்சைக் குவியல்.
ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில்
டாக்டர்கள் தலைக்குப் போடுவது.
நூறு தைத்தால் இவ்வளவு என்று கணக்கு.

"அப்ப நீங்கதானே குல்லாக்காரம்மா?"

மிஷின் நின்றது.
"நான் டெய்லருங்க.
மூணு பொண்ணுங்க இருக்குது எனக்கு."

பேசாமல் ஊசியில் நூல் கோத்தாள்.
பிறகு, "இந்த லாட்டுல எலாஸ்டிக் இறுக்கமா வருது.
கொஞ்சம் தலையைக் குடுங்க."

குடுத்தேன்.
அலுவலக நேரத்தில், கையில் ஃபைலோடு,
மாநகராட்சி ஊழியை தலையில் குல்லா.
வாசலில் நின்ற சின்னப்பெண் முதலில் சிரித்தாள்,
அப்புறம் அவள் அம்மா,
அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

மதியம் மேசைக்குத் திரும்பி
'பொருள்:' என்று எழுதி, புள்ளி வைத்து,
அதற்குமேல் ஓடவில்லை.
எலாஸ்டிக் தடம் நெற்றியில்
நாலு மணி வரைக்கும் அரித்தது.