விரை

சன்ஷைன் என்று ஊருக்குப் பெயர்.
துய் உள்ளே வந்ததும் விளக்கை அணைத்தாள்.

மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு,
நடுவில் முப்பத்தொரு வருட வெட்கம்.
"ஜெல்லைச் சூடாக்கித்தான் வைத்திருக்கிறேன்" என்றாள்,
மாவு பொங்கிவிட்டது என்று சொல்பவளின் குரலில்.

வலதிலிருந்து தொடங்கினாள்.
நல்லதை முதலில் பார்த்துவைத்தால்
மற்றதை அதோடு ஒப்பிடலாமாம்.
திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை,
நைஸாக அரைத்த தேங்காய்போல ஒரே சீராக.
எந்த கிரிக்கெட் கிளப், பந்து எப்போது பட்டது என்று
பேச்சுக் கொடுத்தாள்.
பந்து படவே இல்லை.
ஏழு வாரமாக எனக்கே நான் சொல்லிவந்த பொய் அது.
ஆனாலும் வீசியவன் பெயர் உட்படச் சொன்னேன்.

இடதுக்கு வந்தாள்.
பேச்சு நின்றது.

சாம்பலுக்குள் ஒரு கருந்திட்டு.
இந்தக் கரையில் ஒரு கூட்டல் குறி,
அந்தக் கரையில் ஒரு கூட்டல் குறி,
இடையே புள்ளிக்கோடு.
யாரோ என் உடம்பில் மனை அளக்கிறார்கள்.
பிறகு வண்ணம் போட்டாள்.
திட்டுக்குள் சிவப்பும் நீலமும் துடித்தன.
அதற்கும் என் ரத்தம்தான் போகிறது.

"வலிக்கிறதா?"
"இல்லை."
வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாமோ.

எதையும் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை.
"டாக்டரை எப்போது பார்க்கிறீர்கள்?"
"வியாழக்கிழமை."
"இன்றைக்கே பாருங்கள். நான் போன் பண்ணிச் சொல்கிறேன்."
துடைக்கத் தந்த துண்டை
எதற்கோ இரண்டு தரம் மடித்துத் தந்தாள்.

வெளியே நாற்காலியில், தொடையில் ஜெல் பிசுபிசுக்க,
மாதங்கிக்கு எழுத போனை எடுத்தேன்.
ஊரில் நாங்கள் சொல்லும் சொல்
சண்டைக்குத்தான் லாயக்கு.
இங்கிலீஷ் சொல் வேறு எவனுடையதோபோல இருந்தது.
பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்துச் சுவரில்
நீல எழுத்தில் கொட்டையாக எழுதியிருக்கும்:
விரைவீக்கமா? கவலை வேண்டாம்.
அதில் பாதியைப் பிய்த்து எடுத்தேன்.
விரை
மேலே என்ன எழுதுவதென்று யோசிப்பதற்குள்
பெருவிரல் அனுப்பிவிட்டது.

"இதென்ன திடீர்ச் செந்தமிழ்?"
புள்ளிகள் தோன்றின, மறைந்தன, தோன்றின.
"எங்கே இருக்கிறாய்?"
நான் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே
"வேலையைப் போட்டுவிட்டு ஃபுட்ஸ்க்ரேயில் ரயில் ஏறிவிட்டேன்.
எங்கே என்று மட்டும் சொல்."

வந்தபின் சொல்ல வேண்டும்,
அது வினை இல்லை, பெயர்ச்சொல் என்று.
இல்லை, இரண்டும்தான் என்று.