மணி அடிக்காமல் மாறிய விதி

ராடோவனா நான்கு சீட்டுகளை மேஜையில் வைத்தாள்.
ஐந்தாவதை என் கையில் தந்தாள்.
எதோடு எது சேருமென்று சொல்லமாட்டாளாம்.
சரி, தவறு, இரண்டே வார்த்தைதான் அவளிடம்.

நிறத்தோடு நிறம் சேர்த்தேன்.
சரி. சரி. சரி.
பிறகு, ஒன்றுமே நடக்காதபோது,
தவறு.

சிவப்பை மறுபடி சிவப்பின் கீழ் வைத்தேன்.
தவறு.
விதி மாறிவிட்டது, தெரிந்தேதான் இருந்தது.
கை மட்டும்
பழைய தண்டவாளத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருடம்
ப்ஷெரோவ் சந்திப்பின் வடக்கு சிக்னல் கேபினில் இருந்தவள் நான்.
விதி மாறினால் அங்கே மணி அடிக்கும்.
ஒருவர் போனில் சொல்வார், மற்றவர் திருப்பிச் சொல்வார்,
பேரேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
சொல்லாமல் பாதையை மாற்றினால்
அதற்குப் பெயர் விபத்து.
இதை ராடோவனாவிடம் சொன்னேன்.
சிரித்தாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்து, 'க்' ஒலியில் தொடங்கும் சொற்கள், ஒரு நிமிடம்.
காவா என்றேன், காப்பி. கோச்கா, பூனை. கோலோ, சக்கரம்.
கோலெய், தண்டவாளம்.
கோலெய்.
ஜன்னலுக்கு வெளியே ஒருவன் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தான்.
கோலெய், என்றது வாய் மறுபடி.
பெயர்ச்சொல் கூடாதாம்,
இல்லையென்றால் க்வெதுஷே என்று
என்னையே சொல்லியிருப்பேன்.

எண்பத்தேழு ஜனவரியில் பனியில் நின்றுபோன
நிலக்கரி வண்டியின் எண்ணைக் கேளுங்கள், சொல்கிறேன்.
எத்தனை பெட்டி, எதில் பிரேக் உறைந்தது,
எல்லாம் அங்கேயே இருக்கிறது.
மறதி இல்லை இது.
கிடங்கு நிறைந்திருக்கிறது,
எதை முதலில் எடுப்பதென்று சொல்கிறவர்தான்
நாற்காலியில் இல்லை.

கை நடுக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்,
பேருந்தில் எழுந்து இடம் தருகிறார்கள்.
நெற்றிக்குப் பின்னால் நடப்பதற்கு
யார் எழுந்து இடம் தருவார்?

டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார்:
ஆழத்தில் ஒரு கருந்திட்டு, அங்கே டோபமைன் வற்றுகிறது,
முன்மூளைக்குப் போய்த் திரும்பும் சுற்றுப்பாதையில்
ஓட்டம் குறைகிறது.
படம் புரிந்தது. வளைவுகள்தான் தப்பு,
அப்படி வளைந்தால் எந்த வண்டியும் கவிழும்.

மாத்திரையை மாற்றினார்.
நடை திரும்பியது, கூடவே ஓர் அவசரமும்.
ஒரு நள்ளிரவில் ஆறு ஜோடி பனிச்சறுக்குக் காலணி வாங்கினேன்,
ஆறும் வேறு வேறு அளவு.
எனக்கு ஐஸில் நிற்கவே தெரியாது.
ஓல்டிரிக் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினான்.
ஒன்றை மட்டும் ஏன் வைத்துக்கொண்டான் என்று
இன்னும் கேட்கவில்லை.
மருந்தைக் குறைத்தார்கள்.

பெச்வா பாலத்தில் நடக்கும்போது
"ராத்திரிக்கு சூப்பா?" என்றான்.
நின்றுவிட்டேன்.
சூப்பைப் பற்றி நினைக்க
கால்களிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது.
குழந்தை வண்டியோடு வந்தவள் ஒதுங்கிப் போனாள்.
ஆமாம் என்று சொல்லி முடித்த பிறகுதான்
இடது கால் கிளம்பியது.

அடுப்புக்கு மேலே அவன் ஒட்டிய தாள்:
தண்ணீர். உப்பு. மாவுருண்டை. கடிகாரம்.
பென்சிலால் ஒவ்வொன்றாக அடிப்பேன்.
போன வாரம் உருண்டை வெந்துகொண்டிருக்கையில்
வாசலில் யாரோ, தொலைபேசி, ஏதோ கேட்டபடி அவன்.
நடு அறையில் கரண்டியோடு நின்றேன்,
மூன்று வண்டிக்கும் சிவப்பு காட்டியபடி.
தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்தது.

அவன் கத்தவில்லை. நானும்தான்.
மறுநாளிலிருந்து ஏதாவது மாறுகிறதென்றால்,
விருந்தாளி, மழை, சந்தைக்குப் பதில் ஆஸ்பத்திரி,
பாத்திர மூடியில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுகிறான்.
கையிலிருப்பதைக் கீழே வைக்கிறேன்.
சொல், என்கிறேன்.
சொல்கிறான். திருப்பிச் சொல்கிறேன்.
நோட்டில் நேரம் எழுதுகிறேன்.

இன்று காலை இரண்டு தட்டு.
இரண்டாவது எதற்கு என்றேன்.
மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறந்துவிட்டது என்றான்.
அதையும் எழுதினேன்: ஏழு ஐம்பத்திரண்டு,
காரணம் தெரியவில்லை.
கீழே என் கையெழுத்து,
போகப் போகச் சிறுத்து
கடைசி எழுத்து வெறும் புள்ளி.