ஆறு மணி வரை

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை,
காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை
யாக்னா என் மகள்.
மற்ற நாட்களிலும் மகள்தான்,
நீதிமன்றத் தாளில் அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஓப்போலேயிலிருந்து ரயில்.
வ்ரோத்ஸ்வாஃப் நிலையத்து வாசலிலேயே
அவள் கையில் குள்ளர்களின் வரைபடம்,
மடிப்புகளில் ஜாம் கறை.
இந்த ஊர் முழுக்கச் சாண் உயர வெண்கலக் குள்ளர்கள்:
பூட்டுக்கடைப் படியில் கொட்டாவி விடுபவன்,
மழைக்குழாயைக் கட்டிக்கொண்டு தொங்குபவன்,
ஒரே கல் உருண்டையை
எதிரெதிர்ப் பக்கம் நின்று தள்ளும் இருவர்.
"இதுல யாரு ஜெயிப்பாங்க?"
கல் அசையவே இல்லையே கண்ணு, என்றேன்.
அவள் குனிந்து, இருவர் மூக்கையும் தடவினாள்.

மார்ச்சில் மிருகக்காட்சிசாலை.
வரிசையில் கால் கடுக்க நின்று உள்ளே போனால்
நீர்யானை ஒரு மணி நேரமும்
ஒற்றைக் காதை மட்டும் காட்டியது.
மே மாதம் ஓட்ராவில் படகு.
ஒலிபெருக்கி மன்னர்களை வரிசையாகச் சொல்ல
அவள் வாத்துகளுக்குப் பெயர் வைத்தாள்,
பன்னிரண்டுக்கும் ஒரே பெயர், பாசியா.
ஜூனில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று.
சளி பிடித்தது. தொலைபேசியில் இவோனா
என்னை அதிகம் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.

ஒரு முறை வரைபடத்தில் இருந்த குள்ளன் இடத்தில் இல்லை.
தரையில் இரண்டு திருகாணிகள் மட்டும்.
எவனோ பெயர்த்துப் போயிருக்கிறான்.
யாக்னா யோசிக்கவில்லை.
திருகாணிகளின் மேல் ஏறி, கையை இடுப்பில் ஊன்றி,
கண் கொட்டாமல் நின்றாள்.
டச்சுக் குடும்பம் ஒன்று அந்த வழியே வந்தது.
பையன் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு
தன் ஏட்டில் ஒரு கோடு போட்டான்.
எங்கோ ஒரு நகரத்தில், ஒரு கணக்கில்,
என் மகள் நாற்பத்தொன்றாவது குள்ளன்.

ஆனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.
பேராலயத் தீவில் இன்னும் எரிவாயு விளக்குகள் உண்டு.
பொழுது சாய்ந்ததும் ஒருவர் வருவார்,
கறுப்பு மேலங்கி, உயரத் தொப்பி, கையில் நீளக் கோல்,
ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொண்டே போவார்.
ஜூனில் அவர் வர இரவு ஒன்பது தாண்டும்.
எங்களுக்கோ ஆறுதான்.
கோடை முழுக்க நாங்கள் பார்த்தது
வெயிலில் நிற்கும் விளக்குக் கம்பங்களை.

அக்டோபர் முடிவில் கடிகாரங்களைப் பின்னுக்குத் திருப்பினார்கள்.
நவம்பர் சனிக்கிழமை, நாலே காலுக்கே
ஆற்றின் மேல் இருள் இறங்கிவிட்டது.
நீதிபதி இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் வந்தார்.
கோலின் நுனி கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைய
சொடுக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம்,
பிறகு நெய்யின் நிறத்தில் வெளிச்சம்.
யாக்னா அவர் நிழலை மிதிக்காமல் பின்னே நடந்தாள்.
"காலையில யாரு அணைப்பாங்க?"
"நான்தான்."
"அப்போ எப்போ தூங்குவீங்க?"
"நடுவுல."
அது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

ஐம்பத்தெட்டாவது விளக்கில் மணி பார்த்தேன்.
ஓடினோம். ஆறு இருபத்திரண்டு.
பாலத்தின் அக்கரையில் இவோனா,
கையில் மகள் மறந்துவிட்டுப் போன கம்பளித் தொப்பி.
என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்,
எங்களுக்குப் பின்னால் தீவைப் பார்த்தாள்.
"எத்தனை?" என்றாள், மகளிடம்.
"அம்பத்தெட்டு. மிச்சம் அப்பாகிட்ட இருக்கு."

ஆறு ஐம்பதுக்கு ரயில்.
அதைப் பிடிக்க டிராம் நிறுத்தத்துக்குப் போகவேண்டும்.
நான் பாலத்தின் மேலேயே திரும்பி நடந்தேன்.
மேலங்கி தூரத்தில் ஒரு மூலை திரும்பிக்கொண்டிருந்தது.
ஐம்பத்தொன்பது.