கோரிக்கை எண் ஒன்று

"கணினி வழியே செயல்படும் ஒரு முறை.
அதில் அடங்குவன:"
இவ்வளவு தட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறேன்.
பீச் ஸ்திரீட்டில் மூன்றாம் மாடி.
கீழே படகுத்துறைக்குத் திரும்பும் லாரிகள்
கண்ணாடியை ஆட்டுகின்றன.

எதிரே புஷ்பலீலா.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்திருக்கிறாள்.
நிலைமின் தடுக்கும் பட்டை
இன்னும் குதிகாலில்.

அவள் கண்டது இதுதான்.
ஒரு சில்லுக்கு அறுபத்திரண்டு சோதனை.
எத்தனை கழிக்கிறது என்பதை
எத்தனை நேரம் தின்கிறது என்பதால் வகு.
பெரிய விடை முன்னால்.
மணிக்கொரு தரம் வரிசை தானே மாறட்டும்.
நல்ல சில்லுக்கு இதில் ஒன்றுமில்லை,
கெட்டது மட்டும் சீக்கிரம் வெளியேறும்.
ஆண்டுக்கு நான்கு மில்லியன் ரிங்கிட் மிச்சம்
என்கிறது நிறுவனத்தின் கடிதம்.
நாசி கண்டார் கடை ரசீதின் முதுகில்
எழுதிக் காட்டினாள்:
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவே ஒரு வகுத்தல் கோடு.

கணித முறைக்குக் காப்புரிமை கிடையாது
என்கிறது பதின்மூன்றாம் பிரிவு.
நான் சட்டத்தை மீறுகிறவள் இல்லை,
சட்டத்தின் முன் போகிறவற்றுக்கு
உடுப்பு மாட்டுகிறவள்.
வகுத்தல் என்று எழுத மாட்டேன்.
"செயலியும் நினைவகமும் கொண்ட ஒரு சாதனம்,
விகிதமொன்றைத் தீர்மானிக்குமாறு
அமைக்கப்பட்டது" என்பேன்.
அம்மணமாக வந்தால் வாசலில் மறிப்பார்கள்.
இரும்புச் சட்டை போட்டு வந்தால்
உட்காரச் சொல்வார்கள்.
பதினாறு வருடமாக இந்தத் தையல்.

இதற்குமுன் எவரேனும் செய்தாரா
என்று துழாவுவதும் என் பாடு.
ஜப்பானியக் கோப்புகளில் நான்கு நாள்.
ஐந்தாம் நாள் சனிக்கிழமை, கைபேசி.
பட்டர்வொர்த்திலிருந்து மாப்பிள்ளையின் அத்தை.
நட்சத்திரம் கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை.
"வயசு எத்தனைம்மா?"
முப்பத்தொன்பது.
"சரிம்மா, சொல்லியனுப்புறோம்."
பதினோரு நொடி.

அதிகம் கழிப்பது, சீக்கிரம் முடிவது, முதலில்!
சோற்றுக்கரண்டியோடு நின்று சிரித்தேன்.
அறுபத்தொரு கேள்விகள் மிச்சம் அவருக்கு.
உரிமத் தொகை கேட்டு
அத்தைக்கு ஒரு கடிதம் போடலாமா?
இல்லை, அத்தைதான் எங்களுக்குப் போட வேண்டுமா?

புஷ்பலீலாவிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா
அம்பது வருஷமா இந்தப் பேட்டையில
ஏன் எவனும் செய்யல?
பதினோரு மாசம் தூங்கல நான்.
உங்க அத்தை ஒரு மாப்பிள்ளைக்குச் செஞ்சாங்க,
நான் மணிக்கு ஒன்பதாயிரம் சில்லுக்குச் செய்றேன்."
எனக்குப் பதில் வரவில்லை.
இப்போதும் வரவில்லை.

பிறகு, குரல் இறக்கி:
"அடுத்த மாசம் எதிர்க் கம்பெனிக்குப் போறேன்.
அங்க போய் இதை யோசிக்கலாமா?"
யோசிக்கலாம் என்றேன்,
இயந்திரத்தில் ஏற்றாதவரை.
"நான் யோசிக்கிறதே
இயந்திரத்துல ஏத்தத்தான்."
இருபது வருடம் என்றேன்.
விரல் விட்டு எண்ணினாள்.
எந்த வயதில் நிறுத்தினாள் என்று
நான் கேட்கவில்லை.

உரிமை மாற்றுப் பத்திரம், நான்காம் பக்கம்:
"ஒரு ரிங்கிட் பிரதிபலனாகப் பெற்றுக்கொண்டு."
கையெழுத்திட்டாள்.
பேனாவை மூடினாள்.
உள்ளங்கையை நீட்டினாள்.

இதுவரை எவரும் கேட்டதில்லை.
அது வெறும் வாசகம் என்று சொல்ல வாயெடுத்து,
சொல்லாமல் பையைக் கிளறினேன்.
ஐம்பது வெள்ளித் தாள்கள். சில்லறையில் எழுபது காசு.
"முப்பது பாக்கி" என்று
வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

கதவுவரை போனவள் திரும்பி வந்து
மேசைமேல் கிடந்த ரசீதை எடுத்தாள்.
"சாப்பாட்டுக் காசு கிளேம் பண்ணணும்."
எங்கள் தொழிலிலும் அதே சொல்தான்.
அவளுடையது பதினான்கு வெள்ளி இருபது காசு.
அதைக் கம்பெனி
கேள்வி கேட்காமல் கொடுத்துவிடும்.

நான் மறுபடி திரைக்கு.
அதில் அடங்குவன, முக்காற்புள்ளி,
துடித்துக்கொண்டிருக்கும் ஒரு கோடு.