அடிப்பூச்சு காய்வதற்குள்

டுலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, அதன் மேல் வண்டித் தடம்.
லைல் ஹௌகனின் கார் கொட்டகையில்
கட்டைவிரல் உயரத்துக்கு நூற்றிருபது வீரர்கள்
முகமில்லாமல் நிற்கிறார்கள்.

"ஒரே இரவில் ஒரு படை."
தலைப்பு மூன்று வாரத்துக்கு முன்பே தயார்.
முகப்புப் படமும் தயார்:
லைல் வாய் பிளந்து,
மெரித் கன்னத்தில் கைவைத்து,
பின்னால் தீப்பிழம்பு.
படையை எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை.

நான் படத்தொகுப்பாளர்.
என்னிடம் வந்தது பதினொரு மணி நேரம்.
அதில் தூரிகை பொம்மையைத் தொட்டது
இரண்டு மணிச் சொச்சம்.
மிச்சமெல்லாம்
நீட்டிய விரல்.

மைனஸ் பத்தொன்பதில் கதவைத் திறந்துவைத்து
அடிப்பூச்சு அடித்தார்கள்.
ரவை தூவினாற்போல் பொரிந்தது கருப்பு.
டப்பா சரியில்லை என்றான் லைல்.
டப்பாவை வாங்கியவன் சரியில்லை என்றாள் மெரித்.
வாங்கிய கார்ஸ்டன்
கடைக்காரரைச் சொன்னான்.
கடைக்காரர் அங்கே இல்லை;
ஆகையால் பத்து நிமிடம்
எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

பிறகுதான் ஈட்டிக்காரர் இருபது பேருக்கு
வலக்கை வரவில்லை என்று தெரிந்தது.
பெட்டி வந்து மூன்று வாரம், யாரும் பிரிக்கவில்லை.
பிரிப்பதைப் படம்பிடிக்க வேண்டுமாம்,
முகத்தில் அதிர்ச்சி நிஜமாக இருக்க வேண்டுமாம்.
நிஜமாகத்தான் இருந்தது.

நள்ளிரவில் வெள்ளி வண்ணம் தீர்ந்தது.
ஒரு மணிக்கு நினைவட்டை நிறைந்தது.
மூன்று மணிக்கு, தேநீர் என்று நினைத்து,
தூரிகை கழுவிய நீரைக் குடித்த மெரித்
துப்பிவிட்டுத் திரும்பி
கார்ஸ்டனைத்தான் பார்த்தாள்.

ஆடத் தெரியாதவளுக்குக்
கூடம் ஒன்றுதான் கோணல்.
இவர்களுக்கோ கூடம் கோணல், விளக்கு கோணல்,
குளிரும் கூரியரும் கோணல்,
பார்க்கப்போகிறவர்களின் பொறுமைகூட
இப்போதே கொஞ்சம் கோணல்.

நான் சிரித்துக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு மணி பதினேழு நிமிடம்.
லைலும் மெரித்தும் பனியில் நின்று கத்துகிறார்கள்;
சட்டையில் மாட்டிய ஒலிவாங்கி
ஒன்றையும் விடாமல் அனுப்புகிறது.
படத்தின் ஓரத்தில் கார்ஸ்டன்,
மூச்சை அடக்கி,
ஒரே ஒரு முரசுக்காரனுக்குக்
கண் வைத்துக்கொண்டிருக்கிறான்.
அவன் தோளுக்குப் பின்னே வெள்ளைப் பலகை.
பச்சை மையில் அட்டவணை.

நிறுத்தினேன். பெரிதாக்கினேன்.
ஒரு வீரனுக்கு ஏழு நிமிடம்.
ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக்கோடு.
இந்தக் குழுவில் ஏழை அப்படி எழுதுவது
நான் ஒருத்திதான்.
நூற்றிருபதை ஏழால் பெருக்கி
மூவருக்கும் பங்குபோட்டு
நான்கு மணி நாற்பது நிமிடம்,
'தாராளம்' என்று அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.
காய்வதற்கு என்று
ஒரு நிமிடம் இல்லை.

பன்னிரண்டு விநாடி.
வெட்டினால் யாருக்கும் தெரியாது.
வெட்டுவதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
பலகையை மங்கலாக்கிப் பார்த்தேன்,
இன்னும் பச்சை தெரிந்தது.
கார்ஸ்டனின் முகத்தைப் பெரிதாக்கி
அதன் மேல் வைத்துப் பார்த்தேன்.
கச்சிதமாக மறைத்தது.
சில முகங்கள் அப்படி,
எதன் மேல் வைத்தாலும் பொருந்தும்.

வீரனின் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டு
தூரிகையைத் துடைத்துச் சீராக்கி
அவன் பலகைப் பக்கம் திரும்புகிறான்,
கொஞ்ச நேரம் படிக்கிறான்,
ஒன்றும் சொல்லாமல்
அடுத்த பொம்மையை எடுக்கிறான்.
அதையும் சேர்த்தால் இருபது விநாடி.

நேற்று லைல் கூப்பிட்டான்.
"வெள்ளிக்கிழமை முடிந்துவிடும் என்றாயே?"

திரையில் அந்த ஏழு நின்றது.

"கார்ஸ்டன் அனுப்பிய கோப்பில்
ஏதோ கோளாறு" என்றேன்.