முதுகு காட்டும் காட்சி

நாவலில் அவள் சாவு ஒரு பத்தி.
அந்தத் தேசத்தார் எடுத்த முதல் படத்தில் நாலு நிமிடம்.
ஹாலிவுட் வாங்கி மறுபடி எடுத்ததில்
பதினோரு நிமிடம், செல்லோ இசையோடு.
எனக்கு வந்திருப்பது அந்தப் பதினொன்று.
தமிழ் பேச வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

கொசப்பேட்டை மாடி அறை. மே மாதம்.
ஃபேன் அனலைக் கலக்கிக்கொண்டிருக்கிறது.
திரையில் ஏரி உறைந்து கிடக்கிறது.
துப்பறிகிறவன் வாயிலிருந்து புகை வருகிறது.
என் முழங்கையில் காகிதம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அவன் 'ஸ்நோ' என்கிறான். உதடு குவிகிறது.
'பனி' என்று எழுதினால் உதடு ஒட்டவேண்டும்.
தவிரவும் எங்கள் பனி
மார்கழியில் காட்பாடிப் பாலத்து ரயிலை மறைக்கும்,
எட்டு மணிக்குள் போய்விடும்.
ஒரு பிணத்தைக் குளிர்காலம் முழுக்கக்
கெடாமல் வைத்திருந்து
திருப்பிக் கொடுக்கிற பனியை
இங்கே யார் பார்த்தது?
இங்கே அந்த வேலைக்கு மணல்தான்.
அது திருப்பிக் கொடுப்பதில் அவ்வளவு நேர்மை இல்லை.

ஐஸ் பிளக்கும் சத்தம் கேட்க
மீன் மார்க்கெட் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.
ஜப்பார் பாய் கொக்கியால் ஒரு குத்து குத்தினார்.
"சினிமாவுக்கா? சரியா கேட்டுச்சா?" என்று
இன்னொரு பாளத்தையும் உடைத்தார்.
காசு வாங்கவில்லை.

அலறலுக்கு வசனம் கிடையாது.
அது தனி டிராக்கில் வருகிறது,
எல்லா மொழிக்கும் ஒரே அலறல்.
"அதுல மட்டும் கை வைக்காதீங்க மேடம்" என்றார்
ஸ்டுடியோ ஞானசெல்வம்.

கொலைகாரனுக்கு முழுப்பேர் இருக்கிறது,
அவன் அப்பனுக்கு இருக்கிறது, நாய்க்கு இருக்கிறது.
அவளைப் 'பொண்ணு' என்றே சொல்கிறார்கள்.
நாவலில் பேர் இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம், ஒரே தடவை.
கடல் தாண்டும்போது எங்கோ விழுந்துவிட்டது.

சம்பூர்ணம் பத்தாவதில் என் பெஞ்சு.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தாள்.
இரண்டாம் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.
இறங்கியதைப் பார்த்தவர் இல்லை.
பேப்பரில் மூன்று வரி:
பாலாற்றில் இளம்பெண் பிணம், போலீசார் விசாரணை.
வயதைக்கூடத் தப்பாய்ப் போட்டிருந்தார்கள்.
அவள் அம்மா அந்த மூன்று வரியை வெட்டி
ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தாள்.
மறு தயாரிப்பெல்லாம் பெரிய பேச்சு.
இவள் கதையை ஒருவர்
ஒரு தடவை எடுக்கவில்லை.

கடைசி ரீல்.
அவன் ஏரியைப் பார்த்து நிற்கிறான்.
முதுகு மட்டும் தெரிகிறது. பதினாலு செகண்டு.
ஆங்கிலத்தில் மௌனம்.

எங்கள் தொழிலில் முதுகு என்பது புறம்போக்கு.
பட்டா யாரிடமும் இல்லை, குடிசை போடலாம்.
போட்டேன்.
ஒரே ஒரு பேர் எழுதினேன்.
எந்தப் பேர் என்று கேட்காதீர்கள்.
உதடு தெரியாதபோது இரண்டும் பொருந்தும்.

மோசஸ் இளங்கோ மைக் முன்னால் நின்றார்.
பதினெட்டு வருஷமாய் வெள்ளைக்காரத் துப்பறிகிறவர்களுக்கு அவர்தான் குரல்.
காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கேட்கவில்லை.
மூச்சை இழுத்து, சொன்னார்.

இரண்டாம் ஆட்டம். முப்பது பேர் இருப்போம்.
முன் வரிசையில் ஒரு வங்காளத் தம்பதி,
ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள்,
ஏசிக்காக வந்திருந்தார்கள்.
அவர் உள்ளே நுழைந்ததுமே தூங்கிவிட்டார்.
அந்த அம்மா மட்டும், மொழி தெரியாமல்,
பதினோரு நிமிடமும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

ஏரி வந்தது. முதுகு வந்தது.
பேர் வரவில்லை.
வெட்டிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் மௌனம் என்றால் மௌனம்.
ஆனால் அதற்கு முன்னால் இருந்த மூச்சை
அழிக்க மறந்திருந்தார்கள்.
ஒரு மனுஷன் ஒருத்தி பேரைச் சொல்லப் போகிறபோது
நெஞ்சுக்குள் இழுக்கிற காற்று,
அது மட்டும், தியேட்டர் முழுக்க.

அந்த அம்மா பின்னால் திரும்பி
இருட்டில் என்னைப் பார்த்துக்
கையை விரித்தாள்:
என்ன சொன்னான்?