சுண்ணாம்பு இறுகும் வேகம்

கானாடுகாத்தான். இரண்டாங்கட்டு முற்றத்தில் ஒத்திகை.
பதினெட்டு வயலின், ஒரே மின்விசிறி.
தாள்களைப் படியெடுக்கும் கூலிக்காரன் நான்.
முதல் பக்கத்தில் ‘தேசிய சிம்பொனி’ என்று
மூன்று முறை எழுதி அடித்தவன்.

இரண்டாம் பகுதி: ஓபோ மட்டும்,
மிக மெதுவாக.
மண்ணின் ஆன்மா என்றார் வைரவன்.

காபித் தம்ளர் எடுக்க வந்த அடைக்கி நின்றாள்.
“எங்க பாட்டுல்ல இது? யாரு செத்தது?”
வில்கள் அந்தரத்தில்.
“சுண்ணாம்பு இடிக்கிற பாட்டுய்யா.
இப்படி இழுத்தா கலவை இறுகிப்போகும்.”

பஸூன் வாசிக்க ஜார்ஜியாவிலிருந்து வந்த லொரெட்டா
என்ன சொல்கிறாள் என்றாள்.
சொன்னேன்.
சிரித்தாள், கண்ணில் நீர் வர.
“பருத்திக்காட்டில் எங்கள் ஆட்கள்
முதுகு ஒடியப் பாடியதை,
கோட்டு மாட்டியவர்கள்
மெழுகுவத்திப் பாட்டாக்கினார்கள்.”

பிறகு செருப்பைக் கழற்றி
ஆத்தங்குடிக் கல்லில் ஓங்கி மிதித்தாள்.
தொம். தொம்.
அடைக்கி தட்டைக் கீழே வைத்தாள்.

வைரவன் என்னைப் பார்த்தார்.
ரப்பரைத் தேடினேன்.
‘மெதுவாக’ போனது, தாள் கொஞ்சம் கிழிந்தது.

யார் பெயர் போடுவது என்று அவளைக் கேட்டேன்.
எட்டுப் பேரைச் சொன்னாள்.
முதல் பக்கத்தில்
‘தேசிய’
காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறது.